சுரண்டாமல் விட்ட சுவர்

வங்கியில் சேர்ந்த பிறகு நான் எடுத்த முதல் நீண்ட விடுப்பு இது. இங்கிலாந்தில் ஸ்விண்டனில் இருக்கும் தம்பி வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். லண்டனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இங்கிள்ஷம் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

தேம்ஸ் இன்னும் சிறு ஆறாகவே இருக்கும் இடம் அது. ஊர் என்று சொல்லச் சில வீடுகள்தான் மிச்சம். வயல்களை ஒட்டி ஞானஸ்நான யோவானின் தேவாலயம். பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோபுரம் கிடையாது, மேற்கு முகட்டில் மணிகளுக்கு ஒரு கல்மாடம் மட்டும். தம்பி வெளியே காரில் உட்கார்ந்துகொண்டான். நான் தனியாக உள்ளே போனேன்.

உள்ளே நிற்பவனுக்கு முதலில் ஏற்படுவது பக்தியல்ல, குழப்பம். சுவர்களில் மத்தியகாலச் சித்திரங்கள். சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு அவற்றின்மேல் சுண்ணாம்பு, சுண்ணாம்பின்மேல் வேத வசனங்கள், வசனங்களின்மேல் வேறு வசனங்கள். சில இடங்களில் ஏழு அடுக்குகள் வரை உண்டு. காரை உதிர்ந்த இடங்களில் ஒரு தேவதையின் சாயல் மேல் ஓர் எழுத்தின் வால் கிடக்கிறது. கதவு வைத்த பெட்டி போன்ற ஆசனங்கள் பிற்காலத்தவை. குழந்தையோடு இருக்கும் மேரியின் கற்சிற்பமோ நார்மன்கள் வருவதற்கும் முந்தையது. அது வெகுகாலம் வெளிச்சுவரில் இருந்தபோது நேரம் பார்க்க அதன்மேல் நிழற்கோடுகள் கீறியிருக்கிறார்கள். புனிதம், உபயோகம் என்ற பிரிவினை அந்த மனிதனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இது இப்படியே மிஞ்சியது தற்செயலல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘புனருத்தாரணம்’ ஒரு வெறியாகவே இருந்தது. கோதிக் காலமே தூய காலம், பிறகு வந்ததெல்லாம் அழுக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு காரையைக் கல்வரை சுரண்டினார்கள். பழைய ஆசனங்களைத் தூக்கி எறிந்தார்கள். 13ஆம் நூற்றாண்டு எப்படி இருந்திருக்க வேண்டுமென்று தாங்கள் நினைத்தார்களோ அதைக் கட்டி வைத்தார்கள். வில்லியம் மாரிஸ் இதை எதிர்த்து 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்தார். அதற்குச் செல்லப் பெயர் ‘சுரண்டல் எதிர்ப்பு’. தமிழில் இந்த வார்த்தைக்குள்ள இன்னொரு அர்த்தத்துக்கும் சோஷலிஸ்டான மாரிஸ் எதிரிதான். 1871 முதல் அவருக்கு அருகே கெல்ம்ஸ்காட்டில் வீடு இருந்தது. 1888-89இல் இந்தத் தேவாலயம் பழுதுபார்க்கப்பட்டபோது அதன் பின்னே நின்றவர் அவர்தான். கூரை, சுவர் நிற்க வேண்டியதைச் செய்தார்கள், வேறெதையும் தொடவில்லை.

அங்கே நிற்கும்போது எனக்கு நினைவு வந்தது ஒரு நோட்டுப் புத்தகம். இறந்துபோன நண்பர் ஒருவரின் கவிதைகளைத் தொகுத்தவன் நான் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். கிணறு பற்றிய அவருடைய கவிதை இருபத்தைந்து வயதில் எழுதியது, கச்சிதமானது. கடைசி வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் அதன் அடியில் பச்சை மையில் நான்கு வரிகள் சேர்த்திருந்தார். அம்மாவைப் பற்றியவை, தளர்ந்த வரிகள். நான் நீக்கிவிட்டேன். வேறு சில கவிதைகளிலும் இதையே செய்தேன். கவிஞரின் அசல் குரலை மீட்டிருப்பதாக முன்னுரையில் எழுதினேன். நீங்களும் பாராட்டினீர்கள். மீட்டது அவர் குரலை அல்ல, என் ரசனையை. அவருடைய இருபத்தைந்தாவது வயதுதான் என்னுடைய 13ஆம் நூற்றாண்டு.

மாரிஸ் பக்கம் சாய்ந்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. எல்லா அடுக்குகளும் ஒரே சமயத்தில் தெரியும் இடத்தில் எதையும் வாசிக்க முடிவதில்லை. அதைவிட முக்கியமானது, எட்டாவது அடுக்கு இனி வராது. ஏழு தலைமுறைகள் தமக்கு முந்தையதை மறைத்துவிட்டுத் தம்முடையதை எழுதின. அந்த அலட்சியம்தான் சுவரின் உயிர். இன்று யாரும் அங்கே ஒரு கோடு போட முடியாது. புனருத்தாரணம் செய்பவன் கடந்த காலத்தைக் கொல்கிறான் என்றால், பாதுகாப்பவன் எதிர்காலத்தை நிறுத்திவிடுகிறான்.

பி.ஏ. வகுப்பில் படித்த பிலிப் லார்க்கினின் ‘சர்ச் கோயிங்’ கவிதை 1955இல் தொகுப்பில் வந்தது. பயன் ஒழிந்த பின் சில பெரிய கதீட்ரல்கள் காட்சிப் பொருளாகும், சிறியவை சிதையும் என்பது அதிலுள்ள ஊகம். நடந்தது வேறு. வழிபடுவோர் இல்லாத தேவாலயங்களைப் பராமரிக்க 1969இல் ஒரு நிதியம் அமைந்தது. இன்று தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில் அது 350க்கு மேற்பட்டவற்றைப் பார்த்துக்கொள்கிறது. இங்கிள்ஷம் அவற்றில் ஒன்று. சிதையவும் இல்லை, பூட்டிய கண்ணாடிப் பெட்டியாகவும் இல்லை. கதவைத் தள்ளினேன், திறந்தது. லார்க்கினின் கற்பனைக்கு எட்டாத மூன்றாவது நிலை இது. நம்முடைய விமர்சனத்துக்கும் இன்னும் எட்டவில்லை.

மாரிஸின் சங்கத்தார் வலியுறுத்தும் ஒரு நியதி எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. பழுதுபார்த்த இடம் பழுதுபார்த்த இடமாகவே தெரிய வேண்டும், புதியது பழையதாக வேஷம் போடக்கூடாது. தொகுப்பாளனும் இதைச் செய்யலாம். எந்த வரி எந்த மையில், எந்த வயதில் எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நான்கு வரிகள் தளர்ந்தவை என்பதில் என் அபிப்பிராயம் மாறவில்லை. அதை அடிக்குறிப்பில் எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டு. கவிதையில் கை வைக்க இல்லை.

நோட்டுப் புத்தகத்தை நண்பரின் அக்காவிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். ஊர் திரும்பியதும் கேட்டு எழுதினேன். ‘அதை இன்னுமா தேடுகிறாய், நீதான் முடித்துவிட்டாயே’ என்று பதில் போட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு நேரில் போகிறேன்.