நிறங்களின் நிலமும் கரையின் துயரமும்

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் முகத்துவாரத்தில் விடியற்காலை நிற்போர்க்கு, ஆறு முடிவதும் கடல் தொடங்குவதும் வானம் பிரிவதும் எவ்விடமென்று வரையறுத்தல் அரிது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) இக்கரையைச் சேர்ந்தவரல்லர். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். ஆயினும் அவருடைய வண்ண ஓவியங்களைக் காண்கையில் இம்முகத்துவாரமே நம் நினைவுக்கு வருகிறது.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், காந்தியாரைத் தீட்டிய கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால் முதலில் அறியப்பெற்றார். பின்னர் உருவங்களை விடுத்து நிறங்களிடம் சென்றார். இவ்வோவியங்களில் மரமில்லை, குன்றில்லை. தடித்த வண்ணப் பரப்புகளே உள்ளன. எனினும் மண்ணும் நீரும் ஒளியும் அங்கே இருப்பதை நாம் உணர்கிறோம். இயற்கையின் தோற்றத்தை விடுத்து, அதன் இருப்பை அவர் தீட்டினார்.

நம் சபையோ செவியால் வளர்ந்த சபை. காரைக்காலுக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்க் வந்திறங்கினார்; 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது. வார்த்தையைக் காத்த நாம், காண்பதற்குப் போதிய பயிற்சி பெறவில்லை. வானங்களைச் சொல்லற்ற சாட்சிகளாகக் காட்டும் 19-ஆம் சங்கீதத்தையும் விளக்கவுரையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆதிமூலத்தின் நிறங்கள் விளக்கத்திற்கு முன் நம்மை மௌனமாய் நிற்கச் செய்கின்றன. இது சிறு தொண்டன்று.

எனினும் ஒரு வினா எழுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இக்கடலே காரைக்கால், நாகப்பட்டினம் கரைகளில் திரளான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்கரையில் அடக்க ஆராதனை நடத்தும் ஆயர், இயற்கை இறைவனை வெளிப்படுத்துகிறது என்று எளிதாய்ச் சொல்லிவிட முடியுமா? 1934-இல் எமில் புருன்னரின் இயற்கை இறையியலுக்குக் கார்ல் பார்த் ‘இல்லை’ என மறுமொழி அளித்ததன் கனத்தை அங்கே உணரலாம். ஆதிமூலத்தின் நிறங்களில் இசைவு மிகுதி, துயரம் குறைவு. ரோமர் 8-ஆம் அதிகாரம் கூறும் படைப்பின் தவிப்பை அவற்றில் நாம் காணவில்லை. இதுவே அவற்றின் குறை.

ஆயின் மனிதத் துயரை அவர் அறியாதவரல்லர் என்பதற்குக் காந்தியாரின் உருவத்தைச் செதுக்கிய அக்கோடுகளே சான்று. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துக் காண்போமாக: ஒருபுறம் ஒளி நிறைந்த நிலம், மறுபுறம் அதன்மீது நடந்து தேய்ந்த மனிதன். படைப்பைக் குறித்துப் பிரசங்கிப்போர் இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டினால், சொல்வது பாதி உண்மையே ஆகும்.