யாழை உடைக்க வேண்டாம்

தருமபுரம் என்றதும் பலருக்கு மயிலாடுதுறை பக்கத்து ஆதீனம்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது வேறு தருமபுரம். காரைக்காலுக்கு மேற்கே, ஊரை ஒட்டினாற்போல் இருப்பது. சுற்றிலும் தமிழ்நாடு, கணக்கு மட்டும் புதுச்சேரியில். அங்கே சுவாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தகராறு இருக்கிறது.

திருஞானசம்பந்தர் கூடவே போய் அவர் பாட்டையெல்லாம் யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய அம்மா பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளையின் பாட்டுக்கு இவ்வளவு பேர் கிடைத்ததே நம்ம ஆள் வாசிப்பதால்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாணருக்கு உடம்பு கூசியது. யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடிக் காட்டுங்கள் என்று சம்பந்தரிடமே கேட்டார். அவர் பாடினார். இவர் விரல் தடுமாறியது. இந்தக் கருவி இருப்பதால்தானே வம்பு என்று யாழை உடைக்க ஓங்கிவிட்டார். சம்பந்தர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, கருவியில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வாசியுங்கள், போதும் என்று சமாதானம் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. (அந்தப் பதிகத்தை இன்று ஓதுவார்கள் அடாணாவில் பாடுகிறார்கள். பக்கவாத்தியக்காரர்கள் யாரும் வயலினை உடைத்ததாகத் தகவல் இல்லை.)

இந்தக் கதையை ஒரு புகைப்பட விமர்சனத்துக்காக எடுக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த ஊரில் என் நண்பரின் மகன் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. ஒரு வருஷமாகப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நூற்றெண்பது வருஷத்துப் பழைய முறையில் கையாலேயே புகைப்படம் பிரின்ட் போடுகிறான். ஆல்டர்நேட்டிவ் ப்ராசஸ் என்று இதற்குப் பெயர். பெரிய நகரங்களில் சனி, ஞாயிறு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். மொட்டை மாடியில் துணிக்கொடி கட்டி, கிளிப் போட்டுப் பதினான்கு படங்களைத் தொங்கவிட்டிருந்தான். "பார்த்துட்டு நேர்மையா எழுதுங்க அங்கிள்" என்றான். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டான்.

முறை என்னவோ அழகானதுதான். சயனோடைப் என்பார்கள். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்கிற வானியல் விஞ்ஞானி கண்டுபிடித்தது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரண்டு உப்பு போதும். (சயனைடு என்ற வார்த்தையைக் கேட்டு அவன் அம்மா இரண்டு நாள் தூங்கவில்லையாம்.) தண்ணீரில் கரைத்து, கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசிக் காயவைக்க வேண்டும். மேலே நெகட்டிவ், அதற்கு மேலே கண்ணாடி. பத்துப் பதினைந்து நிமிஷம் வெயில். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாக நிற்கும். கட்டட வரைபடத்துக்கு ப்ளூ பிரின்ட் என்கிறோமே, அது இதே சங்கதிதான்.

இன்று ஏன் இதற்கு ஆள் சேர்கிறது என்பதற்கு ஒரு காரணம் ரசனை. இன்னொன்று சப்ளை. ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் செய்துகொண்டிருந்த அரசுத் தொழிற்சாலை மூடியாயிற்று. 2012-ல் கோடக்கே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. யாரோ ஒரு கம்பெனி ஃபிலிம் செய்து தந்தால்தான் படம் என்ற நிலைமையில், கெமிக்கல் கடையில் இரண்டு உப்பு வாங்கித் தானே பூசிக்கொள்கிறவன் யாரையும் நம்பி இல்லை. இந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

படங்கள்தான் பிடிக்கவில்லை.

கோபுரம். திண்ணை. வண்டிச் சக்கரம். பூட்டிய மரக்கதவு. பாசி பிடித்த குளப்படி. எல்லாம் நீலம். எல்லாவற்றுக்கும் ஓரத்தில் பிரஷ் இழுத்த தடம், கலைந்த தலைமுடி மாதிரி. அந்த ஓரம்தான் இன்றைக்கு இந்த முறையின் ஐ.எஸ்.ஐ. முத்திரை. ப்ளூ பிரின்ட் போட்ட டிராஃப்ட்ஸ்மேன் யாரும் ஓரத்தைக் காட்டிப் பெருமைப்பட்டதில்லை, வெட்டி எறிந்தார்கள். கையால் செய்தது என்று படம் சொல்லவேண்டிய வேலையை ஓரம் சொல்கிறது.

"திண்ணை ஏன்ப்பா நீலமா இருக்கு?"

"அது அப்படித்தான் அங்கிள் வரும்."

நேர்மையான பதில். ஆனால் படத்துக்கு அது பதில் ஆகாது.

இன்னொன்றும் கவனித்தேன். பதினான்கில் பன்னிரண்டு படங்களில் மனுஷ ஜாடையே கிடையாது. காரைக்கால் பக்கம் கோயில் வாசலில் ஒரு ஆள்கூட இல்லாமல் படம் எடுப்பதற்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கிறான். "ஆள் இருந்தா டிஸ்டர்பன்ஸ் அங்கிள். அந்தப் பழைய ஃபீல் வராது."

அந்தப் பழைய ஃபீல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். லின்னேயஸ் ட்ரைப்.

கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேப்டன். மதராஸ் அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக, 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். (காரைக்கால் பக்கம் வரவில்லை. அது பிரெஞ்சுக்காரன் ஊர். 1839-ல் டாகுரேயின் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சு அரசு உலகத்துக்கே இனாமாகக் கொடுத்தது; இங்கிலாந்தில் மட்டும் டாகுரே காப்புரிமை வாங்கிவைத்துக்கொண்டார். அந்த வகையில் தருமபுரத்துக்காரர்கள் சலுகைப் பட்டியலில் இருந்தார்கள்.) ட்ரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். நம் வெயிலுக்கு அதுதான் தோது. முன்கூட்டியே தயார் செய்து சில நாள் வைத்துக்கொள்ளலாம். ஈரக் கண்ணாடித் தகடு என்றால் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கூடாரம் போட்டுக் கழுவியாக வேண்டும்.

காகித நெகட்டிவின் கஷ்டம், அது சோம்பேறி. நிமிஷக் கணக்கில் கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் கீரைக்காரி போய்விடுவாள், பட்டர் போய்விடுவார், மாடு போய்விடும். அசையாதது மட்டும் மிச்சம். மதுரையும் தஞ்சாவூரும் அவர் படங்களில் காலி ஊர்களாக இருப்பதற்கு இது பெரிய காரணம். இன்னொரு தொல்லை வானம். அந்த ரசாயனத்துக்கு நீலம் என்றால் ஆவேசம். வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரின்ட்டில் வெள்ளைக் காகிதமாக, அதுவும் திட்டுத் திட்டாக நிற்கும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் பின்பக்கம் வண்ணம் தொட்டு மேகம் வரைந்தார். இன்று கோயில் மேலே மிதக்கும் மேகங்களை 'அந்தக் காலத்து வெளிச்சம்' என்று ரசிக்கிறவர்களில் பலர் ஒரு கேப்டனின் பிரஷ்ஷை ரசிக்கிறார்கள்.

இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். காகிதத்தில் எது வராது என்று தெரிந்தவன் செய்த ஒட்டு வேலை. எது வரும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரம், நகை எல்லாம் எடையோடு கல்லில் வெட்டியிருக்கிறது. என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு அது லெட்ஜர். ட்ரைப் அந்த எழுத்து வரிசையைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஹூல்ஷ் அந்தக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-ல். அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால். கல் அசையாது. எழுத்து ஓடாது. சோம்பேறிக் காகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், கஜானா இருக்கிற நிலைமையில் இது ஆடம்பரம் என்று மூடச் சொல்லிவிட்டார். கலகத்துக்குப் பிந்தைய பட்ஜெட்டைப் பார்த்தால் அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, வருத்தம்தான்.

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம். நம் பையன் படம் எடுப்பது செல்போனில். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் பறக்கிற காக்காயை அது நிறுத்தி வைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் நெகட்டிவாக மாற்றி, பிளாஸ்டிக் ஷீட்டில் பிரின்ட் எடுத்து, பிறகுதான் வெயிலும் பிரஷ்ஷும். வெயிலில் பத்து நிமிஷம் கிடப்பது காகிதம். கேமராவுக்கு முன்னால் இருந்த கீரைக்காரி பத்து நிமிஷம் நிற்கவேண்டியதில்லை. அவளை அனுப்பிவிட்டது இவன்தான். ட்ரைப்பின் காலி வீதி கருவியின் இயலாமை. இவனுடைய காலி வீதி வாடகைக்கு எடுத்த இயலாமை. பாணர் விரல் நிஜமாகவே தடுமாறியது. வாசிக்க வருகிறவன் தடுமாறுவதுபோல் நடித்தால் அதற்கு என்ன பெயர்?

அவன் மட்டும் இல்லை. இந்தப் பாணியில் வரும் படங்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் விடுபட்டுப்போன அதே ஜனங்களை, இந்தத் தடவை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். அதற்கு அமைதி, தியானம் என்றெல்லாம் கேப்ஷன் வேறு.

பதினான்கில் ஒரு படம் மட்டும் என்னை நிறுத்தியது. கிழிந்த மீன்வலைத் துண்டு ஒன்று. கேமரா இல்லை, நெகட்டிவ் இல்லை. பூசிய காகிதத்தின் மேல் வலையையே பரப்பி வெயிலில் வைத்திருக்கிறான். நீலத்தின் நடுவே வெள்ளைக் கண்ணிகள், நிஜ அளவில். பழைய முடிச்சு ஒரு தினுசு, கிழிசலை ஒட்டுப்போட்ட முடிச்சு வேறு தினுசு. இரண்டு வெவ்வேறு கை. படத்தில் ஆள் இல்லைதான், ஆனால் இரண்டு பேர் இருக்கிறார்கள். 1843-ல் ஆனா அட்கின்ஸ் கடல்பாசிகளை இதே மாதிரி பரப்பிப் புத்தகமே போடத் தொடங்கினார். பாசியைச் சரியாக வரைவது கஷ்டம், அதனால் பாசியையே படுக்க வைத்துவிட்டார். முறைக்கு அங்கே வேலை இருந்தது. இந்த வலையிலும் இருக்கிறது. அது நீலமாக இருப்பதைப் பற்றி நான் கேள்வி கேட்கவே இல்லை.

"அதுவா அங்கிள்? டெஸ்ட்டுக்குப் போட்டது. தூக்கிப்போட இருந்தேன்."

தூக்கிப்போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். கூடவே இரண்டு விஷயம். ஒன்று, தண்ணீர். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. கடலோரத்து போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கலாம், அதில் நெடுநேரம் அலசினால் படம் வெளுக்கும். ஒரு மூடி வினிகர் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, வாசலில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டியை எடுக்கச் சொன்னேன். பாட்டி நீலமாக இருந்தால் நன்றாக இருக்காது என்றான். அதற்கும் வழி உண்டு. சோடா உப்பில் நீலத்தை வெளுக்கவைத்து, பிறகு டானின் தண்ணீரில் போட்டால் இரும்பு கறுக்கும். இங்கிலீஷ் குறிப்பைப் பார்த்து அவன் க்ரீன் டீ பாக்கெட் ஆர்டர் பண்ணியிருந்தான். கும்பகோணம் பக்கம் கலம்காரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் கறுப்புக் கோடு போடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டை நீக்கி, இடித்து, ராத்திரியே ஊறப்போட வேண்டும்.