ஆடாசிட்டி: ஒரு மதிப்பீடு

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடாக்கள் சில கிடக்கலாம். பாட்டியின் தாலாட்டோ மறைந்த தந்தையின் பேச்சோ அவற்றில் இருக்கக்கூடும். நாடாவின்மீது பூசப்பட்ட காந்தப் பொடியில்தான் அக்குரல் தங்கியிருக்கிறது. பூச்சு உதிர்ந்தால் குரலும் போயிற்று. அதைக் கணிப்பொறிக்கு மாற்றப் பலரும் நாடுவது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இது இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. இதன் நிறைகுறைகளைப் பார்ப்போம்.

ஒலிநாடாக் கருவியிலிருந்து கம்பி வழியே வரும் மின்னலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குவதே பதிவு. நம் செவி கேட்கும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால்தான் அலைவடிவம் பிசகாது. இவ்வேலையில் ஆடாசிட்டியைக் குறைகூற இடமில்லை. ஒலியளவைக் காட்டும் பட்டையும் தெளிவாக இருக்கிறது. அது எல்லையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும்.

குறை இருப்பது இரைச்சல் நீக்கும் பகுதியில். பேச்சில்லாத இடத்தில் கேட்கும் 'உஸ்' ஒலியை மாதிரியாகக் கொண்டு, அதையொத்த வலுக்குறைந்த ஒலிகளைத் தணிப்பது இதன் முறை. ஆனால் 'ச', 'ஸ' போன்ற உரசொலிகளும் மூச்சொலியும் இரைச்சலை ஒத்தவையே அல்லவா? அளவு மீறினால் அவையும் மறைந்து, பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். மென்பொருள் இதை எச்சரிப்பதில்லை. எனினும், நீக்கப்படுவதை மட்டும் தனியே கேட்க ஒரு வசதி உண்டு. பலரும் கவனிக்காத இதுவே இப்பகுதியின் சிறப்பு. அதில் குரலின் சாயல் கேட்டால், நீக்கம் மிகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, புதியவர்களைக் குழப்புவது. 'சேமி' என்றால் கிடைப்பது ஆடாசிட்டிக்கே உரிய கோப்பு. பிற கருவிகளில் அது ஒலிக்காது. 'ஏற்றுமதி' செய்து வேவ் கோப்பாக்க வேண்டும். 60 நிமிட நாடா, 16 பிட் ஒற்றைத் தடத்தில் சுமார் 318 மெகாபைட் ஆகும். எம்பி3 கோப்பு மிகச் சிறியது. ஆனால் ஒலியின் ஒரு பகுதியைக் கழித்தே அது சிறிதாகிறது. உறவினருக்கு அனுப்ப எம்பி3 போதும். பாதுகாத்து வைக்க வேவ்தான் ஏற்றது.

மொத்தத்தில் இது நல்ல கருவி; அவசரக்காரர் கையில் மட்டும் ஆபத்தானது. எனவே எதையும் திருத்தாத முதற்பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள். இரைச்சலை நாளையும் நீக்கலாம். இழந்த குரலை எவராலும் திரும்பச் சேர்க்க இயலாது.