கும்கியைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்

கடையின் டெமோ அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கு வீட்டு ஸ்பீக்கர் உடனே பழசாகிப்போகும். அந்த மயக்கத்தில் பணம் கட்டக் கூடாது என்பது என் கட்சி. அங்கே கேட்டதில் அறையின் பங்கும் வால்யூமின் பங்கும் கலந்திருக்கின்றன. சத்தம் கூடக் கூட பாஸ் காதில் இன்னும் தூக்கலாக விழும் என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். கண்ணும் சும்மா இருப்பதில்லை. 1994-இல் ஸ்பீக்கர் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் போடாமலும் கேட்கவைத்தபோது மதிப்பெண்கள் மாறின; பெயரும் பெட்டியின் பருமனும் தீர்ப்பில் புகுந்துகொண்டன.

அப்படியானால் எதைக் கேட்பது? கடைக்காரர் போடும் ஜாஸ் பாடகி எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் பாடுவார். நம்மிடம் அதைவிடக் கறாரான அளவுகோல் உண்டு: மிருதங்கம். 1981-இல் தொடங்கிய பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் அதை நேரில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. இடப்பக்கத் தொப்பியில் ஈர ரவை அப்பியிருக்கும்; அடித்த கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தள்ள, நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அதுதான் கும்கி. நல்ல ஸ்பீக்கரில் அந்த ஏற்றம் அறுபடாத ஒரே கோடாக வரும். மோசமானதில் ‘தொம்’ என்று விழுந்து கிடக்கும். இதற்குப் பெரிய பெட்டி தேவையில்லை. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, உள்ளே ஏறக்குறைய ஐந்து லிட்டர் கொள்ளளவே உள்ள பெட்டி. அடிமட்ட பாஸ் அதில் கிடையாது. ஆனாலும் கும்கியின் வழுக்கலை மேல்சுரங்களே காதுக்குச் சொல்லிவிடும்.

இனி வீட்டுக்கு வருவோம். கிள்ளானில் இருபது அடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு தெரஸ் வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்வோம்: கீழே டைல்ஸ், இரு பக்கமும் செங்கல் சுவர். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் தரைக்கும் கூரைக்கும் இடையே 57 ஹெர்ட்ஸிலும் 114-இலும் அறை முழங்கும். அகலம் உயரத்தைப் போல் சரியாக இரு மடங்கு என்பதால் பக்கச் சுவர்களும் அதே இரண்டு இடங்களில் சேர்ந்து முழங்கும். தொப்பியின் நாதம் உலவுவது இந்த வட்டாரத்தில்தான். கடையில் கோடாக ஏறிய கும்கி இங்கே ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். ஆழமான பாஸ் தரும் விலையுயர்ந்த ஸ்பீக்கர் இந்த வீக்கத்தை இன்னும் பெரிதாக்கவே செய்யும்.

கூடத்தை ஸ்டூடியோவாக்க வீட்டில் விடமாட்டார்கள் என்பார்கள். நியாயம்தான், கம்பளம் விரித்தாலும் 57 ஹெர்ட்ஸ் அசையாது. ஆனால் ஸ்பீக்கரைச் சுவரைவிட்டு இரண்டடி முன்னே இழுக்கவும், நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்தவும் ஒரு சென் செலவில்லை. முதலில் அதைச் செய்து பார்க்கலாம். ரசனையைக் கணக்கில் கட்டலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சந்தோஷத்துக்குத்தான் வாங்குகிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டியது கடையில் அல்ல, மின்விசிறி சுழலும் நம் கூடத்தில். (விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பது ஏமாற்று வேலை.) ஆகவே ஒரு வார இறுதிக்கு ஜோடியை வீட்டுக்குக் கொடுக்கும் கடையாகப் பார்த்துப் பேச வேண்டும். வந்ததும் பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்கு வைத்து, வீட்டில் யாரையாவது மாற்றிமாற்றிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். மிருதங்கத்தோடு, இளையராஜாவின் 1986 ஆல்பம் ‘ஹவ் டு நேம் இட்?’ வயலின்களையும் போடலாம். கூச்சல் இருந்தால் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய ஸ்பீக்கரின் கூம்பு விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு இந்த ஊர்ப் புழுக்கத்தில் பொடிந்துபோகும். ரப்பர் நெடுநாள் தாங்கும். பொடிந்திருந்தால் விளிம்பை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அதற்கும் பிறகு புதியதில் மட்டும்தான் கும்கி முழுசாக ஏறுகிறது என்றால், தாராளமாக வாங்கலாம்.