சிலை என்னும் மரமும் சிலை என்னும் வில்லும்

இலக்கியம் பயில அகராதி ஒன்று போதுமா? தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் நம் போன்றோர்க்கு இவ்வினா அடிக்கடி எழுகிறது. நம் பிள்ளைகள் தமிழைக் காதால் கேட்பது பெரும்பாலும் வீட்டிற்குள் மட்டுமே. எஞ்சியதை அவர்கள் நூல்வழியாகவே அறிய வேண்டியிருக்கிறது. நூலில் உள்ள சொல்லுக்கு நாம் மற்றொரு சொல்லைப் பொருளாகச் சொல்கிறோம். பொருளையே காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒருநாள் இராமகாதை சொல்லிக்கொண்டிருந்தோம். "இராமன் சிலையைக் கையில் ஏந்தினான்" என்றதும் ஒரு சிறுமி எழுந்து, "யாருடைய சிலை சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். சிலை என்பதற்கு வில் என்றும் பொருள் உண்டு என்று விளக்கினோம். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "வில் முதலிலேயே வளைந்துதானே இருக்கிறது? பிறகு ஏன் வில்லை வளைத்தான் என்று சொல்கிறார்கள்?" என்றான். இளங்கலைப் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாக அலுவலகக் கோப்புகளுக்கு இடையிலும் பழந்தமிழ் நூல்களை விடாது படித்துவரும் நமக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தோம். அந்த அடுத்த வாரம் ஐந்து மாதம் கழித்தே வந்தது.

முதலில் அகராதியையே நாடினோம். சிலை என்ற சொல்லுக்கு வில் என்னும் பொருளோடு, ஒருவகை மரம் என்னும் பொருளும் அங்கே இருந்தது. மரத்தின் பெயரே அம்மரத்தால் செய்த கருவிக்கும் ஆகிவந்திருக்கிறது. கம்பர் காப்பியத்தில் இராமன் வில்லிறுத்த பகுதிக்குக் கார்முகப் படலம் என்று பெயர். அந்தக் கார்முகம் என்னும் வடசொல்லும் இவ்வாறு பிறந்ததே. கிருமுகம் என்னும் மரத்தால் ஆனது கார்முகம் என்பர் வடமொழி அகராதியார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என வில்லுக்குரிய பொருள்கள் நான்கைச் சொல்கிறது. ஆகவே பழையோர் வில் என்றவுடன் ஆயுதத்தை மட்டும் நினைக்கவில்லை. அது வெட்டப்பட்ட மரத்தையும் உடன் நினைத்தார்கள். இவ்வளவு அறிந்தும் சிறுவனின் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

விடை கிடைத்தது ராஞ்சிக்குத் தெற்கே, குந்திப் பகுதியின் வாரச் சந்தை ஒன்றில். அலுவலகப் பணியாகச் சென்றிருந்த நாம், மரத்தடியில் அமர்ந்து வில் செய்துகொண்டிருந்த முண்டா இனத்து முதியவர் ஒருவரைக் கண்டோம். குளிர்காலத்தில் வெட்டி நிழலில் உலர்த்திய முற்றிய மூங்கிலின் பிளாச்சு ஒன்று அவர் கையில் இருந்தது. அது நேராக இருந்தது. தோற்பக்கத்தை அவர் தொடவே இல்லை. உட்பக்கத்தை மட்டும் கத்தியால் சிறிது சிறிதாகச் சீவினார். பத்து முறை சீவியபின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, முழங்காலால் அழுத்தி, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைகின்றனவா என்று பார்த்தார். வளைய மறுக்கும் இடத்தில் மேலும் சீவினார். மிகுதியாக வளையும் இடத்தைத் தீண்டாமல் விட்டார். அவசரம் ஏன் இல்லை என்று நமக்குத் தெரிந்த இந்தியில் கேட்டோம். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாதே என்றார்.

கிளையிலிருந்தோ அடிமரத்திலிருந்தோ செய்யும் வில்லுக்கும் இதுவே முறை. நாணுக்கு எதிர்ப்புறமாகிய முதுகு இழுபடும்; நாணை நோக்கிய வயிறு நெருக்குண்ணும். முதுகின் நார் ஓரிடத்தில் வெட்டுப்பட்டாலும் அங்கேயே வில் ஒடியும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூ மரத்து வில்கள் கிடைத்தன. அவ்வகை வில்லில் இழுவையைத் தாங்கும் வெளிறு முதுகிலும், நெருக்கத்தைத் தாங்கும் வைரம் வயிற்றிலும் அமைந்திருக்கும். எந்நாட்டுக் கைவினைஞனும் மரத்தின் இயல்பைக் கேட்டே வேலை செய்திருக்கிறான்.

முதியவர் இறுதியில் மூங்கிற்பட்டையால் ஆன நாணை முனைகளின் வெட்டுகளில் மாட்டினார். நேராக இருந்த கோல் அப்போதுதான் வில்லாயிற்று. மாலையில் நாணைக் கழற்றியதும் மீண்டும் ஏறத்தாழ நேராயிற்று. நாணேற்றியபடியே வைத்தால் கோல் வளைவுக்குப் பழகிவிடும், பிறகு விசை இராது என்றார் அவர்.

இவ்விடத்தில் நமக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வந்தார். வில்லின் வணக்கம் தீமையைக் குறிப்பது. ஆதலால் பகைவரிடத்தில் சொல்வணக்கத்தை நம்பற்க என்பது கூடாநட்பு அதிகாரத்தில் வரும் 827-ஆம் குறளின் கருத்து. வில் வளைகிறது, பகைவனும் வளைகிறான் என்ற அளவிலேயே இவ்வுவமையை நாம் இதுகாறும் பாடம் சொல்லி வந்தோம். வில் வளைவது அதன் இயல்புக்கு மாறானது என்பதை அறியவில்லை. நேரே நிற்கத் துடிக்கும் மரத்தை நாண் கட்டி வைத்திருக்கிறது. அத்துடிப்பே அம்பைச் செலுத்துகிறது. பகைவனின் பணிவும் அத்தகையது: மனத்துக்கு மாறாக மேற்கொண்டது, திரும்புதற்குக் காத்திருப்பது. வணக்கம் எல்லாவற்றையும் வள்ளுவர் ஐயுறவில்லை என்பதும் இதனால் விளங்கும். வளைவுக்குப் பழகிய கோலில் விசை இல்லை. இருபது ஆண்டுகள் நாண் இறக்காமலே வைக்கப்பட்ட நம் போன்ற எழுத்தர்களின் வணக்கத்தால் எவர்க்கும் தீங்கு நேராது!

உவமையை அணி என்று பெயரிட்டு வகைப்படுத்துவதோடு அமையும் திறனாய்வு நம்மிடையே மிகுதி. அணியைத் தாங்கும் பொருளின் இயல்பை அறிந்தபின் வகைப்படுத்தினால் பயன் இன்னும் பெரிதாகும் என்பது நம் கருத்து. மற்றொரு சான்று காண்போம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலால் துளையிட்டுத் தானே செய்த குழலை ஊதுகிறான். அது சலித்ததும், உள்ளே புழையுடைய குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டிய வில்யாழை இசைக்கிறான். மரல் என்பது இன்று மருள் எனப்படும் செடி. நாணுக்குரியனவாக அர்த்தசாஸ்திரம் கூறும் நார்களுள் மூர்வை ஒன்று. அறிஞர் பலர் அதை இச்செடியாகவே கொள்வர். வடமொழியில் நாணுக்கு மௌர்வி என்ற பெயர் வந்ததும் மூர்வையால்தான். எனவே இடையன் கையில் இருப்பது பெயரளவில் மட்டும் வில்யாழ் அன்று. வில்லுக்குரிய முறையில், வில்லுக்குரிய நாரால் ஆனது அது. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளிவந்த தம் யாழ் நூலில் யாழின் வரலாற்றை இவ்வில்யாழிலிருந்தே தொடங்கினார். அம்பு நேரானதாயினும் கொடியது, யாழ் வளைந்ததாயினும் இனியது என்னும் கருத்துடைய 279-ஆம் குறளை இதனோடு வைத்துப் படித்தால், வளைந்த மரத்தின் இருவேறு வாழ்வு தெரியும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் இன்றும் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை பாடுகிறார்கள்.

இடையன் தானே செய்துகொண்டான் என்பதையும் கவனிக்க வேண்டும். புறநானூற்றில் வேல் வடிக்கும் கொல்லன் இருக்கிறான். நாளைக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தை ஔவையார் அதியமானுக்கு உவமையாக்குகிறார். தாழி வனையும் குயவனும் பாடப்படுகிறான். வில் செய்தவனை மட்டும் தனித்துப் பாடிய பாட்டு இல்லை. வடக்கே யசுர் வேதப் பட்டியலில் வில் செய்வோனும் நாண் செய்வோனும் தனித்தனியே எண்ணப்படுகிறார்கள். இங்கே வேட்டுவனும் இடையனும் காட்டில் வெட்டித் தாமே செய்துகொண்ட பொருளாதலால், அதற்கெனத் தனித்தொழிலாளன் புலவர் கண்ணில் படவில்லை போலும். எல்லாரும் அறிந்த வேலைக்குப் புகழ் இல்லை.

கம்பரிடத்தும் ஒரு நுட்பம் விளங்கியது. இராமன் வில்லை எடுத்ததை அவையோர் கண்டார்கள், முறிந்ததைக் கேட்டார்கள் என்று அவர் அமைத்ததை, விரைவைக் காட்டும் திறம் என்று அனைவரும் பாராட்டுவர். குந்தி முதியவரிடம் வில் முறியுமா என்று கேட்டபோது, முறியும், சத்தம்தான் முதலில் வரும், கண் பிறகுதான் பார்க்கும் என்றார். கம்பர் காட்டியது தெய்வ வில். ஆயினும் அது முறிந்த விதம் மரவில் முறியும் விதமே.

இவ்வாறு சொல்வதனால் கைத்தொழில் அறிவே எல்லாப் பாட்டையும் திறந்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து விலங்குகளை வீழ்த்தியதை வன்பரணர் 152-ஆம் புறப்பாட்டில் பாடுகிறார். அவ்வில் எம்மரத்தால் ஆனது என்று ஆராய்வது வீண். தன் பெயரைக்கூடச் சொல்லாமல் பாணர்க்கு இறைச்சியும் பொன்னும் வழங்கிய வள்ளன்மையே அப்பாட்டின் உயிர். அங்கே வில் ஒதுங்கி நிற்கிறது. நாமும் அதை ஒதுக்கிவிட வேண்டும். எங்கே பொருளின் இயல்பு பாட்டைத் தாங்குகிறது, எங்கே தாங்கவில்லை என்று பிரித்தறிவதே படிப்பவர் கடமை.

ஊர் திரும்பிய ஞாயிறன்று ஒரு மூங்கிற் பிளாச்சும் கயிறும் வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். வினாக் கேட்ட சிறுவனையே நாணேற்றச் சொன்னோம். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஏற்றினான். பிறகு கயிற்றைக் கழற்றினான், கோல் நிமிர்ந்தது. "அதற்கு வளைய இஷ்டமே இல்லை சார்" என்றான். அன்று குறளுக்கு வேறு உரை நாம் சொல்லவில்லை. சிலை யாருடையது என்று கேட்ட சிறுமி, தன் ஏட்டில் அச்சொல்லுக்கு நேரே மரம், வில் என்று இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குமிழங் கொம்பு ஒன்று, மருள் நார் ஒரு பிடி, பனையின் வைரச் சிம்பு ஒன்று, இவை போல்வன எவை கிடைப்பினும் கொண்டுவந்து வகுப்புக்குத் தாருங்கள். பாடநூல்கள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன.