பனிச்சறுக்குப் பலகையின் பிரயாணக் கட்டு

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளை நாடி ஜெனீவாவிலோ இன்ஸ்புரூக்கிலோ விமானத்தில் வந்திறங்குகிறவர்கள், திரும்பும்போது தம் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டும் முறையிலே, ஒரு கலைக்குரிய சிரத்தையும் விவேகமும் ஒருங்கே விளங்குகின்றன. எஃகு விளிம்புகளில் துரு ஏறாதபடி ஈரத்தை முற்றும் துடைத்து, அடிப்பரப்பில் மெழுகைத் தடிப்பாகப் பூசிச் சுரண்டாமலே விட்டு, இரு பலகைகளின் அடிப்புறங்களும் ஒன்றையொன்று நோக்க வைத்து, விளிம்புகள் உராயாவண்ணம் இடையே ரப்பர் கொடுத்து வாரால் இறுக்கி, காலணியைப் பிணைக்கும் பூட்டுகளைச் சுற்றிக் கம்பளி ஆடைகளைப் பொதிந்து, நீண்ட உறையில் இடுகிறார்கள். உடலைக் குளிரினின்று காத்த ஆடையே பலகைக்கும் கவசமாகிவிடும் இந்தச் சிக்கனம் எனக்குப் பரம திருப்தி தருவது. பாதத்தின் வடிவுக்கே இசைந்துவிட்ட காலணியை மட்டும் கைப்பையோடு எடுத்துச் செல்வார்கள். ஏனெனில் மலையை நாடி வரும் வழியில் உறை தவறிப்போனாலும் பலகையை மலையடிவாரத்தில் வாடகைக்குப் பெறலாம், பழகிய காலணியைப் பெறுவது அரிது. கருவியைப் பேணுதலும் வித்தையின் ஓர் அங்கமே என்பதை இவர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.