மரல் நாரும் தேய்புரிக் கயிறும்

செய்யுளில் வரும் பொருட்பெயருக்கு அகராதிப் பொருள் கண்ட அளவில் உரை நிறைவுறுவதில்லை. அப்பொருளை மக்கள் எவ்வாறு ஆண்டனர் என்பதும் அறியப்படல் வேண்டும். அவ்வறிவு சிலவிடத்துப் புதிய நயத்தைத் தரும்; சிலவிடத்து நாம் விரும்பும் நயத்தை விலக்கும். நாரும் கயிறும் பற்றிய சங்கச் செய்யுள் இரண்டினைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

முதலாவது, புறநானூற்று 264ஆம் பாட்டு. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய இக்கையறுநிலைச் செய்யுள், ஆனிரை மீட்டு மாண்ட வீரனுக்குப் பரல் நிலத்தில் கல் நட்டமை கூறுகின்றது. மரலைக் கொண்டு தொடுத்த செந்நிறப் பூங்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டிப் பெயரும் பொறித்தனர்.

மரல் என்பது மருள் எனவும் வழங்கும் செடி. தாவர நூலார் சான்சிவீரியா ராக்சுபர்கியானா என்று வழங்கிவந்த இதனை அண்மைக்கால வகைப்பாடு டிரசீனா இனத்துள் அடக்குகின்றது. இதன் நாரால் வில்நாண் திரிக்கப்பட்டமையின், ஆங்கிலர் 'வில்நாண் சணல்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். வடமொழியில் வில்நாணைக் குறிக்கும் மௌர்வி என்னும் சொல்லும் மூர்வை என்னும் செடிப்பெயரிற் பிறந்ததே. மூர்வை மரலே என்பாரும் உளர். மார்சுடீனியா முதலிய கொடிகளைக் காட்டுவாரும் உளர். இராசமகால் மலைவாணர் வில்நாண் திரித்தது அம்மார்சுடீனியாக் கொடியின் நாரினாலேயாம்.

இவற்றை அறிந்தார் ஒருவர், வீரனது கல்லுக்கு வில்நாண் நாராலேயே கண்ணி தொடுத்தனர் என்பது புலவர் உள்ளக்கிடை என நயங்கூற முற்படலாம். நயம் இனியதே, ஆயினும் செய்யுள் அதற்கு இடந்தரவில்லை. பாட்டில் வில் பேசப்படவில்லை. அதனினும் வலிய தடை, புலவர் ஆண்ட 'வகுந்து' என்னும் வினையாகும்.

நாண் திரிப்போர் மரல் இலையைப் பலகைமேல் வைத்துச் சதைப்பற்றை வழித்து நீக்குவர். நாரை அலசி உலர்த்துவர். பின்னர் ஒருபுறமாக முறுக்கிப் புரியாக்கி, அப்புரிகளை எதிர்ப்புறமாகச் சேர்த்துத் திரிப்பர். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று நெகிழவிடாது பற்றிக்கொள்ளும். புரிகள் யாவும் ஒத்த இறுக்கம் உடையனவாதல் வேண்டும். ஒன்று தளரின் சுமை ஏனையவற்றின்மேல் விழ, நாண் அறும். வகுத்தலோ பிளத்தலாகும். பச்சை இலையைக் கீற்றாகப் பிளந்து பூவைத் தொடுப்பது நொடிப்பொழுதுச் செயல். வழித்தலும் உலர்த்தலும் முறுக்கலும் அதில் இல்லை. ஆதலின் கண்ணியைத் தாங்குவது நாண் அன்று. அருகே நின்ற செடியின் கீற்றே என்க.

இவ்வாறு கொள்ளுதலால் பாட்டு வறுமையுறுவதில்லை. மழை வறந்த காலத்தில் மரையா மரலைக் கவர்ந்துண்பதைக் கலித்தொகை 6ஆம் பாட்டுக் காட்டும். பிற பசுமை அற்ற நிலத்திலும் எஞ்சி நிற்பது மரல். பரலும் மரலும் பூவும் பீலியும் அந்நிலத்தார் கைக்கு எட்டியவையே. வீரன் இறந்தமை அறியாது பாணர் சுற்றம் இன்றும் வருமோ எனப் புலவர் இரங்குகின்றார். பரிசில் நாடி வருவோர் காணவிருப்பது கிழித்த இலையாற் கட்டிய ஒரு கண்ணியைத்தான். அவலம் இவ்வெளிமையிலேயே உள்ளது; வில்நாணைப் புகுத்தின் அது மறையும்.

இரண்டாவது, நற்றிணை 284ஆம் பாட்டு. இதனைப் பாடியவர் தம் உவமையாலேயே தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார். மீள்க என்னும் நெஞ்சுக்கும், வினை முடித்தே மீள்க என்னும் அறிவுக்கும் இடைப்பட்ட தலைவன், இருபுறமும் களிறுகள் பற்றியிழுக்கும் பழங்கயிறாகத் தன் உடம்பைக் காண்கின்றான். பழமை மட்டும் கூறியிருப்பின் உவமை பொதுவாய் நின்றிருக்கும். புரி தேய்ந்தது என்றமையே அதன் உயிர். முறுக்கிய கயிற்றை இழுக்குந்தோறும் நார்கள் தம்முள் இறுகி, அவ்வுராய்வினாலேயே வலிமை பெறும். தேய்ந்த புரியிலோ ஒன்று அறத் தன் பங்கை மற்றதன்மேல் ஏற்றும். பின் அதுவும் அறும். ஆகவே தலைவன் அஞ்சுவது ஒருநொடி முறிவை அன்று; புரிபுரியாக நேரும் அழிவை. உடம்பு வருந்துவதாக அவன் கூறுவதன் பொருள் இதனால் தெளிவுறும்.

கயிற்றுத் தொழிலறிவு நற்றிணையில் உவமையின் ஆழத்தைக் காட்டிற்று. புறநானூற்றில் பாட்டிற்கு இல்லாத பொருளை ஏற்றாதவாறு காத்தது. இரண்டிடத்தும் முடிவுக்குச் சான்றாய் நின்றது புலவர் ஆண்ட ஒரு சொல்லே. செடியின் பெயரறிந்து அமைவோர் 'வகுந்து' என்பதைக் கடந்து சென்றுவிடுவர். உரை காண்பார் அச்சொல்லின்கண் நின்று, தொழில் இன்னதெனத் தெளிந்த பின்னரே நயங்கூறுதல் முறையாம்.